எருமைக்கு இடப்பக்கம் நாலடி

ஒரு காட்டில் குடிக்க ஒரே ஒரு குளம்தான். அதற்குப் போகும் புல்வெளியில் வேடர்கள் இரும்புப் பொறிகளைப் புதைத்துவிட்டார்கள். ஒரு மானுக்குக் கால் போயிற்று. அதோடு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

கரடியிடம் ஒரு காந்தக்கல் இருந்தது. நாரில் கட்டித் தொங்கவிட்டால் வடக்கு பார்த்து நிற்கும். மண்ணுக்கடியில் இரும்பு இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

"நான் அளந்து வருகிறேன். நாளைக் காலையில் எல்லாரும் குடிக்கலாம்" என்றது கரடி.

முள்ளம்பன்றி ஒரு தேக்கிலையும் ஒரு முள்ளும் கொடுத்தது. "குச்சி நட்டால் வேடன் பார்த்துவிடுவான். கல் திரும்பும் இடத்தையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள், அண்ணே."

"எனக்குத் தெரியாதா? போ, போ."

கரடி ஒழுங்காகத்தான் வேலை செய்தது. புல்வெளியை வரிவரியாக நடந்தது. கல் திரும்பிய இடத்திலெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தது. கண்ணில் பட்டதை இலையில் முள்ளால் கீறி வைத்தது. இதைவிடத் தெளிவாக யார் எழுத முடியும் என்று நினைத்துக்கொண்டது.

மறுநாள் காலையில் எல்லாரும் நாக்கு வறண்டு வந்து நின்றார்கள். முள்ளம்பன்றி இலையை வாங்கிப் படித்தது.

"'எருமைக்கு இடப்பக்கம் நாலடி.' எந்த எருமை?"

"நான்தான்" என்றது பின்னால் நின்ற எருமை.

"நேற்று எங்கே படுத்திருந்தாய்?"

"நிழலில்."

"எந்த இடத்து நிழல்?"

"அது நகர்ந்துகொண்டே இருந்தது. நானும் நகர்ந்தேன்."

முள்ளம்பன்றி அடுத்ததைப் படித்தது. "'கொக்குக்கு நேர் கீழே.'"

எல்லாரும் அண்ணாந்து வெறும் வானத்தைப் பார்த்தார்கள்.

"'இங்கே ரொம்பப் பலமாகத் திரும்பிற்று.'"

"எழுதும்போது நன்றாகத்தான் புரிந்தது" என்றது கரடி.

"மறுபடி அளந்துவிடலாம், அண்ணே."

"இன்னொரு நாள் குட்டிகள் தாங்காது" என்றது ஒரு பெண்மான்.

கரடியால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. "அளக்கவே வேண்டாம். எல்லாம் என் மண்டையில் இருக்கிறது. பின்னால் வாருங்கள்" என்று நடந்தது. யாரும் பின்னால் போகவில்லை.

பாதி வழியில் படீரென்று ஒரு சத்தம். ஒரு பொறி கரடியின் காலைக் கவ்விக்கொண்டது.

கரடியின் காலடித் தடத்திலேயே மிதித்து முள்ளம்பன்றி வந்து சேர்ந்தது. கையில் புது இலை. "எந்த இடம், அண்ணே?"

கரடி சுற்றிலும் பார்த்தது. பக்கத்தில் ஒரு மைனா உட்கார்ந்திருந்தது. கரடி பல்லைக் கடித்துக்கொண்டு அதற்கும் அப்பால் பார்த்தது.

"வெள்ளைப் பாறைக்கு வடக்கே ஏழடி. எழுதிக்கொள்."

எழுதிய பிறகுதான் மற்றவர்களும் அதே தடத்தில் வந்து பொறியைப் பிரித்தார்கள். அன்றும் யாரும் தண்ணீர் குடிக்கவில்லை.

நீதி: நகராத பொருளை வைத்துக் குறிப்பு எழுது, நாளைக்குப் படிப்பவன் இன்று அங்கே நிற்கவில்லை.