அண்ணாச்சி காரில் எரிந்த விளக்கு

தூத்துக்குடியில் ஆத்தியப்பன் அண்ணாச்சியின் ஒர்க்‌ஷாப் என்றால் வண்டிக்காரர்களுக்குக் குலை நடுங்கும். பானெட்டைத் திறக்காமலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவார். வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் பிரிஜித்தாவுக்கும் ஒருநாள் தீர்ப்புக் கிடைத்தது.

"ஆயில் பிரஷர் விளக்கு எரியுதா? இன்ஜினைப் பிரிக்கணும். ஒரு மாசம் ஆகும்."

ஒரு மாதம் கார் நின்றால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. ஆயில் அளவு சரியாக இருந்தது, இன்ஜினில் சத்தமும் இல்லை. பிரஷரை அளக்கிற சென்சார்தான் கோளாறு என்று அவளுக்குத் தோன்றியது. அதைச் சொன்னாள்.

"வண்டி ஓட்டுறவ எனக்குப் பாடம் எடுக்கியா?" என்று அண்ணாச்சி எகிறினார். பெஞ்சில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

பிரிஜித்தா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தப்புதான் அண்ணாச்சி. உங்க காரும் இதே மாடல்தான். ஆனா அது உங்க கைபட்ட இன்ஜினாச்சே! என் சென்சாரை அதுல மாட்டினாக்கூட விளக்கு எரியத் துணியுமா?"

"எப்படி எரியும்?" அண்ணாச்சிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வேலைப் பையன்களைக் கூப்பிட்டார். "ஏலே, ரெண்டு கார் சென்சாரையும் மாத்தி மாட்டுங்கலே!"

மாற்றி மாட்டி, இரண்டு கார்களையும் கிளப்பினார்கள். பிரிஜித்தாவின் காரில் விளக்கு அணைந்துவிட்டது. அண்ணாச்சியின் காரில் செக்கச்செவேலென்று எரிந்தது.

"ஐயையோ," என்றாள் பிரிஜித்தா, "உங்க இன்ஜினையும் பிரிக்கணுமே அண்ணாச்சி! ஒரு மாசம் எதுல போவீங்க? வேணும்னா என் காரை வாடகைக்கு எடுத்துக்கிடுங்க."

பெஞ்சே குலுங்கியது. முறைத்துக்கொண்டு நின்ற அண்ணாச்சிக்கும் கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது. புது சென்சார் வாங்க ஒரு பையன் ஓடினான். பிரிஜித்தா மத்தியானச் சவாரிக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தாள்.