நிலப்பனைக் கிழங்கு

“மகன் கூப்பிடுதான். போகலாமா, கூடாதா?”

ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர் தளவாய், சாமியம்மாவிடம் சீடராகச் சேர்ந்த அன்றே கேட்ட கேள்வி இது. அவளுக்கு நாற்பது வயது இருக்கலாம். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. கடலோரச் சவுக்குத் தோப்பில் அவளுக்கு ஒரு குடிசை. வந்த கையோடு அதையே ஒரு சுற்றுச் சுற்றி நோட்டம் விட்டவர் இவர்.

“கூப்பிட்டா போக வேண்டியதுதான, ஐயா?”

“மூணு வருசமாப் பேச்சுவார்த்தை கெடையாது. மருமகளைச் சந்தேகப்பட்டு நான்தான் சண்டை போட்டேன். இப்ப திடீர்னு, ‘எங்களோடயே வந்து இருங்கப்பா’ங்கான். பாசமா, இல்ல என் வீட்டு மேல கண்ணா?”

“உங்களுக்கு என்ன தோணுது?”

“தோணுறதை வச்சு என்ன செய்ய? எங்கிட்ட வேலை பார்த்த ஏட்டு பேச்சிமுத்தை அங்க அனுப்பியிருக்கேன். அக்கம்பக்கத்துல நைசா விசாரிச்சுச் சொல்லுவான்.”

சாமியம்மா வெளியே வந்தாள். வெந்த மணலில் காய்ந்த புல் மாதிரி ஒரு கொத்து நின்றது. அதைக் காட்டினாள்.

“நிலப்பனை. மழை விழுந்தா மஞ்சளாப் பூக்கும்.”

“இதுவா? செத்துல்லா கெடக்கு!”

“கிழங்கு உயிரோட இருக்கு.”

“எப்படி நம்புறது?”

“மழை வரட்டும்.”

குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டாள்.

தளவாய்க்கு இருப்புக் கொள்ளவில்லை. எத்தனை பேர் எத்தனை கதை சொல்லி அவர் காதில் பூச்சுற்றப் பார்த்திருக்கிறார்கள்!

ஒரு குச்சியால் தோண்டினார். விரல் நீளத்துக்கு ஒரு கிழங்கு வந்தது. தோல் கறுப்பு. நகத்தால் கிள்ளினார். உள்ளே வெள்ளை, பிசுபிசுவென்று ஈரம்.

ஒரு கிள்ளில் என்ன தெரியும்? இன்னொரு பக்கம் கிள்ளினார். நடுவில் ஒடித்தார். துண்டு துண்டாகப் பிய்த்துப் பார்த்தார். எல்லாத் துண்டும் வெள்ளைதான். அப்புறம்தான் அவருக்கு மூச்சே வந்தது.

போன் அடித்தது. பேச்சிமுத்து.

“சார், கவலையே படாதீங்க. வீட்டைப் பத்திப் பேச்சே இல்ல. மருமகப் பொண்ணு உங்களுக்குன்னு ஒரு ரூமையே ஒழிச்சு வச்சிருக்கு. தெருவே சொல்லுது. ஆனா…”

“என்ன ஆனா?”

“விசாரிச்சுட்டு நிக்கும்போது உங்க மகன் வந்துட்டாரு. யார் அனுப்பினான்னு கேட்டாரு. சொல்லிட்டேன் சார்.”

“அவன் என்ன சொன்னான்?”

“உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாரு.”

“அது சரியாயிரும்டே. பாசம்தான்னு உறுதியாயிருச்சுல்லா!”

தளவாய்க்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை சந்தோஷமாக அவர் இருந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. சாமியம்மா தண்ணீர்க் குடத்தோடு வருவதைப் பார்த்ததும் சின்னப்பிள்ளை போல எதிரே ஓடினார். உள்ளங்கையில் இருந்த துண்டுகளை நீட்டினார்.

“அம்மா, நீங்க சொன்னது நிஜம்தான். கிழங்கு உயிரோட இருக்கு! என் மகனுக்கும் எம்மேல பாசம் இருக்கு!”

சாமியம்மா குடத்தை இறக்கி வைத்தாள். அந்தத் துண்டுகளைப் பார்த்தாள்.

“இருந்துச்சு” என்றாள்.