பூட்டி வைத்த ஆல்பம்

கோவில்பட்டி வியாபாரிகள் சங்கத்தின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரி வகுப்பு நடக்கும். எந்தச் சரக்குக்கு எவ்வளவு வரி, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும், எந்தப் படிவத்தில் எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பவள் செண்பகவல்லி. வயது முப்பத்தொன்று. கேட்க வருகிறவர்கள் கடைக்காரர்கள், எல்லாரும் அவளைவிட மூத்தவர்கள். இருந்தாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அன்றைக்கு மின்சாமான் கடை தவசுக்கனி ஒரு கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்ன அண்ணாச்சி, அறுபதாம் கல்யாணமா? பந்தி எந்தப் பக்கம்?" என்றார் மருந்துக்கடை ஜெபமணி.

தவசுக்கனி சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து டீச்சரிடம் நீட்டினார். வணிகவரி அலுவலகத்து நோட்டீஸ்.

அவள் இரண்டு தடவை படித்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் மதுரையில் ஒரு மொத்தக் கடையில் அவர் சரக்கு வாங்கியிருந்தார். அங்கே கொடுத்த வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக் காட்டியிருந்தார். மதுரைக்காரனோ அதை அரசாங்கத்துக்குக் கட்டவே இல்லை. கடையையும் மூடிவிட்டுப் போய்விட்டான். கழித்த தொகையை வட்டியோடு நீங்கள் கட்டுங்கள், மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் ஆதாரத்தோடு எழுதுங்கள் என்றது நோட்டீஸ்.

"ஒரு லட்சத்து எண்பதாயிரம்," என்றார் தவசுக்கனி. "லோடு ஆட்டோவை வித்தாத்தான் முடியும். அது போச்சுன்னா கிராமத்து வியாபாரம் போச்சு. கடையில பாதி அதுதான்."

அவள் நோட்டீஸில் இருந்த தேதியை மறுபடி பார்த்தாள்.

"நான் வரி குடுத்துத்தான் வாங்கினேன். முழுங்கினவன் அவன். அவனைப் பிடிக்காம என்னைப் பிடிக்காங்க. இது எந்த ஊர் நியாயம் டீச்சர்?"

"அநியாயம்தான்."

"பாத்தீங்களா, நீங்களே சொல்லுதீங்க!"

"அங்கேயும் போய்ச் சொல்லலாம் அண்ணாச்சி. நாலு பக்கம் எழுதிக்கூடக் குடுக்கலாம். படிச்சுட்டு, ஆதார இணைப்பு எங்கேன்னு கேப்பாங்க."

"அதுக்குத்தானே இதைக் கொண்டாந்தேன்." அவர் ஆல்பத்தைத் தட்டினார். "மக கல்யாணத்துக்கு வாங்கினதுல ஒண்ணு மிச்சம் கிடந்தது. மதுரை பில்லு ஒண்ணு விடாம இதுக்குள்ள இருக்கு. தேதி வாரியா, கண்ணாடித் தாள் உறைக்குள்ள. பூசை அலமாரியில வெச்சுப் பூட்டிட்டேன். ஒரு தடவை கூடத் திறக்கலை."

"ஏன் திறக்கலை?"

"தொட்டா அழுக்காயிரும்லா."

அவள் திறந்தாள்.

முதல் பக்கத்தில் ஆறு உறை. ஆறிலும் வெள்ளைத் தாள். அடுத்த பக்கமும் அப்படித்தான். மெஷினிலிருந்து சுருளாக வருகிற வழவழப்பான பில் அது. மை கிடையாது, சூட்டில் எழும்புகிற எழுத்து. பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு கோடை கிடந்ததில் எல்லாம் போயிருந்தது. ஒரே ஒரு தாளின் அடியில் மட்டும் 'நன்றி, மீண்டும் வருக' என்று மங்கலாகத் தெரிந்தது.

ஜெபமணி எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"பணம் பேங்க் வழியா போச்சா அண்ணாச்சி?"

"ரொக்கம். ரொக்கமா குடுத்தா கொஞ்சம் குறைப்பான்."

"வாங்கின அன்னிக்கே எங்கேயாவது எழுதினீங்களா? பில் நம்பர், தேதி, தொகை?"

"மாசக் கடைசியில மொத்தத்தைக் கூட்டி வரிக் கணக்குல காட்டுவேன், அவ்வளவுதான். பில்லே கையில இருக்கையில தனியா என்னத்த எழுத?"

அவள் ஆல்பத்தை மூடினாள்.

"அப்ப ஆட்டோ போச்சு," என்றார் தவசுக்கனி.

அவள் நோட்டீஸை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

தவசுக்கனி சுவரைக் காட்டினார். கரும்பலகைக்கு மேலே நாலு வருஷமாக ஓர் அட்டை தொங்குகிறது. அவள் கையெழுத்துதான்: 'பில்களைப் பத்திரமாக வைக்கவும்.'

"நீங்க சொன்னதைத்தான செய்தேன்? பத்திரமா வெச்சது தப்பா டீச்சர்?"

அவள் தன் தோள்பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து அவரிடம் கொடுத்தாள். ஓரம் சுருண்ட நோட்டு. அதில் கடைசியாக எழுதியிருந்ததை அவர் உரக்கப் படித்தார்.

"நேத்துத் தேதி. பேனா ரெண்டு. பில் எண் நானூத்திப் பதினேழு. கடைப் பேரு இருக்கு. விலை தனியா, வரி தனியா..." நிமிர்ந்தார். "இது யாரு நோட்டு?"

"என்னோடது. வாங்கின அன்னிக்கே எழுதிருவேன். பத்து வருஷமா."

"இதை ஏன் எங்ககிட்டக் காட்டலை?"

"முதல் வகுப்புல எடுத்தேன் அண்ணாச்சி. ரெண்டு பேனாவுக்குக் கணக்கான்னு எல்லாரும் சிரிச்சீங்க. பைக்குள்ள வெச்சுட்டேன்."

ஜெபமணி தரையைப் பார்த்தார்.

"நாங்க சிரிச்சா என்ன?" என்றார் தவசுக்கனி. "நீங்கல்லா டீச்சரு? சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கணும்லா?"

செண்பகவல்லி பெஞ்சின் மேல் ஏறி அட்டையைக் கழற்றினாள். கீழே இறங்கி, ஆல்பத்தின் மேல் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"சொல்லியிருக்கணும்," என்றாள். "யாரும் சிரிக்காததை எழுதி மாட்டிட்டேன்."