தாழ்ந்த கிளையில் பழம்

சீன தேசம் பல சிற்றரசுகளாகப் பிரிந்து கிடந்த காலத்தில், லுவான் என்ற மலைநாட்டை ஹெங்சான் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் நினைத்தால் பொன்னாடை, நினைத்தால் நாடுகடத்தல். எப்போது எது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அவனுக்கு ஒரே மகள், மெய்யுன். ஆறு வயதுக் குழந்தை. பனிக்காலத்தில் வந்த காய்ச்சலில் போய்விட்டாள்.

அன்றிலிருந்து ராஜா ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை. கல்லாகச் சமைந்துபோய் சிங்காசனத்தில் உட்கார்ந்திருப்பான். ஆனால் மற்றவர்கள் அழவேண்டும். அழாதவனைக் கண்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும். பிரபுக்கள் பாவம், என்ன செய்வார்கள்? மேல்துணி முனையில் மிளகுப் பொடி முடிந்துகொண்டு சபைக்கு வந்தார்கள்.

கோடை பிறந்ததும் ராஜா ஒருநாள் சொன்னான்: "என் மகளைப் பற்றிக் கவிதை பாடுங்கள். சுவையுள்ள கவிதையாக இருக்கவேண்டும்."

லுவானில் கவிதையைச் சாப்பாடு மாதிரிதான் பேசுவார்கள். சப்பென்று இருக்கிறது என்பார்கள்; ருசி இன்னும் நாக்கிலே நிற்கிறது என்பார்கள்.

ஆஸ்தானப் புலவர்களின் தலைவன் காவோபின் முதலில் எழுந்தான். பாட்டில் வரிக்கு வரி கண்ணீர். மழையாகப் பெய்தது, ஆறாக ஓடியது, கடலாகப் பொங்கியது, கடைசியில் நிலாவும் அழுதது. சபை மிளகுப் பொடியை முகர்ந்து விம்மியது. ராஜா மட்டும் அசையவில்லை.

அடுத்து தோங்ரூ என்ற புலவன் வந்தான். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். ஆற்றங்கரையில் துணி துவைக்கிற பெண்கள் முணுமுணுப்பதெல்லாம் இவன் பாட்டுத்தான் என்பதால் காவோபினுக்கு இவனைக் கண்டாலே ஆகாது. தோங்ரூ நாலே வரி சொன்னான்:

அரண்மனைத் தோட்டத்தில் பிளம் பழுத்துவிட்டது.
இந்த வருஷம் தாழ்ந்த கிளையிலும் பழம் இருக்கிறது.
குருவிகள் வந்து கொத்துகின்றன.
விரட்ட யாரும் ஓடி வரவில்லை.

காவோபின் துள்ளி எழுந்தான். "மகாராஜா! இளவரசியைப் பறிகொடுத்து நிற்கிறோம், இவன் பழக்கடை விரிக்கிறான்! அழுகை என்று ஒரு சொல் உண்டா? உப்பில்லாத கஞ்சி!"

ராஜாவின் முகம் சிவந்தது. "என் துக்கம் உனக்குப் பழமும் குருவியுமா? வடக்கு எல்லைக்குப் போய்விடு. இனி என் கண்ணில் படாதே!"

"உத்தரவு, மகாராஜா." தோங்ரூ வணங்கிவிட்டு வெளியே போனான். லுவானில் பிளம் பழுக்கும்போதே மழைக்காலமும் தொடங்கிவிடும். சேறும் கல்லுமான வழி.

மந்திரி ஷென்வூவுக்கு அந்த நாலு வரியும் நெஞ்சில் தைத்தன. ஆனால் கொதிக்கிற ராஜாவிடம் வாய் திறந்தால் தன் தலைக்கே ஆபத்து. கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தார். சில வாரம் கழித்து மெதுவாகக் கேட்டார்: "மகாராஜா, காவோபின் அவர்களின் கவிதையைக் கௌரவிக்க ஒரு விருந்து வைக்கட்டுமா? அந்தக் கவிதையின் இலக்கணப்படியே சமைக்கச் சொல்கிறேன்."

காவோபினுக்குத் தலைகால் புரியவில்லை. விருந்தன்று முதல் கிண்ணம் அவனுக்கே வந்தது. ஒரு வாய் குடித்தான், அப்படியே துப்பினான்.

"என்ன மந்திரியாரே இது! ஒரே உப்பு!"

"உங்கள் பாட்டில் வரிக்கு வரி கண்ணீர். கண்ணீர் உப்புத்தானே? வாய்க்கு வாய் போடச் சொன்னேன். போதவில்லையா?"

"வெறும் உப்பைப் போட்டால் ருசி வந்துவிடுமா?"

"அப்படிச் சொல்லுங்கள்!" என்றார் ஷென்வூ. சபை கொல்லென்று சிரித்தது. காவோபின் தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்படியானால் ருசி எங்கே இருக்கிறது?" என்று கேட்டான் ராஜா.

ஷென்வூ தெளிந்த சாறு ஒரு கிண்ணம் எடுத்து நீட்டினார். "குடித்துப் பாருங்கள். உப்புத் தெரிகிறதா?"

"இல்லை."

"போட்டிருக்கிறது. கரைந்துவிட்டது. விழுங்கிய பிறகு என்ன நிற்கிறது?"

ராஜா சற்று யோசித்தான். "ஏதோ நிற்கிறது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை."

"உப்புக்கும் புளிப்புக்கும் அப்பால் நிற்கிற அதுதான் ருசி, மகாராஜா. பாட்டுக்கும் அப்படித்தான். சொல் முடிந்த பிறகு எது தங்குகிறதோ, அது." இப்படிச் சொல்லிவிட்டு, தோங்ரூவின் நாலு வரியையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பிறகு பேசாமல் நின்றார்.



"போன வருஷம் தாழ்ந்த கிளையில் ஒன்றுகூட மிஞ்சவில்லையே," என்றான் ராஜா, தனக்குத்தானே பேசுகிறவன் போல. "அவள் கைக்கு எட்டுகிற கிளை அதுதான். வாயெல்லாம் சாறு. குருவியைக் கண்டுவிட்டால், கையைத் தட்டிக்கொண்டு..."

அதற்கு மேல் பேச முடியவில்லை. முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அன்றைக்குச் சபையில் யாருக்கும் மிளகுப் பொடி தேவைப்படவில்லை.

உடனே குதிரை வீரர்கள் வடக்கே பறந்தார்கள். திரும்பி வந்தவர்கள் தலைகுனிந்து நின்றார்கள். எல்லைக்குப் போகும் வழியில், ஒரு படகுத்துறைச் சத்திரத்தில், குளிர்காய்ச்சல் கண்டு தோங்ரூ இறந்துவிட்டான்.

 ராஜா காவோபினின் பதவியைப் பறித்தான். "நீ மூட்டிவிட்டாய், நான் தண்டித்தேன். நடந்தே போ. அவன் உடலை மரியாதையோடு ஊருக்குக் கொண்டு வா." அடுத்து, தன் கழுத்து மாலையைக் கழற்றி ஷென்வூவிடம் நீட்டினான். "உம்முடைய சாமர்த்தியத்துக்கு."

ஷென்வூ கை நீட்டவில்லை. "வேண்டாம், மகாராஜா. அன்றைக்கே நான் வாயைத் திறந்திருந்தால் சாமர்த்தியமே தேவைப்பட்டிருக்காது."

மறுநாள் ராஜா பரிவாரம் இல்லாமல் தோங்ரூவின் வீட்டுக்குப் போனான். அவன் மனைவி சுயீ கதவைத் திறந்தாள். சேதி அவளுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது.

"அம்மா, உன் கணவன் பாட்டு எனக்குப் பிந்தித்தான் புரிந்தது," என்றான் ராஜா.

"போகும்போது சொல்லிவிட்டுப் போனார்," என்றாள் அவள். "ராஜா மேல் வருத்தம் வைக்காதே, பிள்ளையை இழந்தவர், அழமுடியாமல் தவிக்கிறார், அதற்காகத்தான் பாடினேன் என்றார்." பிறகு கேட்டாள்: "அழுதீர்களா?"

ராஜா தலையசைத்தான்.

"அப்படியானால் சரி." கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளேயிருந்து அவள் அழுகிற சத்தம் கேட்டது. அது ஓயும்வரை லுவான் நாட்டு ராஜா மழையில் நனைந்துகொண்டு அந்த வாசலிலேயே நின்றான்.