நீர்க்காகம் கொடுத்த எண்ணெய்

வானம் பனைமர உயரத்தில் கிடந்த அந்தக் காலத்தில், பறவையும் மனுஷியும் ஒரே கண்மாய்க் கரையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிய அந்தக் காலத்தில், சூரியனுக்கு நிதானம் என்ற ஒன்றே கிடையாது. வைக்கோல் போரில் தீப்பிடித்த மாதிரி எரிவான். மத்தியானம் கண்மாய்த் தண்ணீர் கொதிக்கும். சாயங்காலமானால் களைத்துப்போய், மூக்கால் அழுதுகொண்டு கரையில் வந்து உட்காருவான்.

அவன் எரித்தது உமி. நெல்லுமி இல்லை, வானத்து உமி. கையில் எடுத்தால் கனம் தெரியாது, ஊதினால் பறந்துவிடும். உலகம் உள்ளமட்டும் வரட்டும் என்று படைத்தவர் மலை மலையாகக் கொடுத்து அனுப்பியிருந்தார். இந்தக் கெட்டிக்காரன் அதையெல்லாம் தன்னைச் சுற்றிப் பொதபொதவென்று பரப்பி வைத்துக்கொண்டு, அள்ளி அள்ளி எரித்தான். கேட்பதற்கு ஆள் இல்லை பாருங்கள்.

அந்தக் கண்மாயின் நடுவே நின்ற கருவேலமரத்தில் ஒரு நீர்க்காகம் கூடு கட்டியிருந்தாள். கரையில் எல்லோருக்கும் அவள் மதினி. சிறகில் எண்ணெய் மின்னும். முங்கி எழுந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் ஒட்டாது. வாத்துக்கே அதில் கொஞ்சம் பொறாமை உண்டு. கூட்டில் நாலு முட்டை. அதற்கு முந்தின தடவை இட்ட முட்டையில் ஒன்றுகூடப் பொரியவில்லை. அதனால் இந்த நாலின் மேலேயே அவள் உயிர் இருந்தது.

ஒரு சாயங்காலம் மதினி மீனோடு திரும்பும்போது சூரியன் கரையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"என்ன தம்பி, உடம்புக்கு என்ன?" என்றாள் மதினி.

"உமி தீரப்போகுது மதினி. இன்னும் பத்து நாளைக்குத்தான் காணும்."

மதினிக்கு வாயிலிருந்த மீன் நழுவித் தண்ணீரில் விழுந்தது. முட்டை பொரிய இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. பொரிந்தாலும், வெயில் இல்லாத உலகத்தில் குஞ்சு என்ன செய்யும்? அவள் நேரே இருளாயியிடம் பறந்தாள்.

இருளாயி கண்மாய்க் கரையில் நெல் அவிக்கிறவள். பெரிய அண்டா, அதன் கீழே உமி அடுப்பு. ஒரு கூடை உமியில் ஒரு பொழுது முழுக்க நெல் அவித்துவிடுவாள். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து வந்து, சூரியனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு ஒனக்கு யாரும் சொல்லித் தரலையா? உமியைப் பரப்பிவச்சு எரிக்கிறவனை இன்னைக்குத்தான்யா பாக்குறேன்."

"வேற எப்படி எரிக்க?"

"இறுக்கி அமுக்கணும். நடுவுல மட்டும் தீ இருக்கணும். ஒன் பாரம் முழுக்க உள்ளே பாத்து அமுக்கும். தீ வெளியே பாத்துத் தள்ளும். ரெண்டும் சரிக்குச் சரியா நின்னுச்சுன்னா, நீ சிதறவும் மாட்ட, அவியவும் மாட்ட. உள்ள உமியே போதும், யுகம் யுகமா எரியலாம்."

"யுகம் முடிஞ்சா?"

இருளாயி ஒளித்துப் பேசத் தெரியாதவள். "நடு உமி தீந்ததும் தீ ஓரத்துக்கு வரும். அப்ப நீ உப்பிச் செவந்துபோவ. பெறகு மேலே உள்ளதெல்லாம் உதிர்ந்து, நடுவுல சின்னதா ஒரு வெள்ளைக் கங்கு மிஞ்சும். அதுவும் வெகுகாலம் கணகணன்னு இருந்து, மெல்ல ஆறும். அடுப்புன்னு இருந்தா அப்படித்தான். அதுக்கு இன்னும் எத்தனையோ தலைமுறை கெடக்கு, இப்பவே ஏன் மூஞ்சியைத் தொங்கப்போடுற?"

ஒரே ஒரு சங்கடம். எரிகிற உமியை இறுக்க முடியாது. முதலில் அணைய வேண்டும். சூரியன் நடுங்கினான். மதினிதான் பக்கத்தில் வந்து, "அணை தம்பி. நாங்க இருக்கோம்" என்றாள்.

அவன் கண்ணை மூடி அணைந்தான். உலகம் கரிச்சட்டியைக் கவிழ்த்தது போலாயிற்று. அடுப்பு வெளிச்சத்தில் இருளாயி உலக்கையை அவன் நடுவே நிறுத்தி, சுற்றிலும் உமியைக் குத்திக் குத்தி இறுக்கினாள். அவனும் மூச்சைப் பிடித்து எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டான். உருண்டு திரண்டு ஒரே பந்தானான். உலக்கையை உருவி, நடுத் துவாரத்தின் அடியில் கங்கு போட்டாள். அவிந்தது. இன்னொன்று போட்டாள். அதுவும் அவிந்தது.

"இம்புட்டு இறுக்கத்துல சும்மா பிடிக்காது. எண்ணெய் வேணும்" என்றாள்.

அந்தக் கரையில் எண்ணெய் இருந்தது இரண்டு பேரிடம். வாத்து கழுத்தை உள்ளுக்கு இழுத்துக்கொண்டது. "எங்க பாட்டன் பூட்டன் குடுத்த எண்ணெய். ஒரு இறகுக்குள்ளதுகூடத் தர முடியாது. எண்ணெய் இல்லாம நான் தண்ணியில இறங்கவா? நல்லா இருக்கே கதை."

சொன்னதில் பொய் இல்லை. மதினிக்கும் அதே பயம்தான். நனைகிற சிறகோடு முங்கினால் உடம்பெல்லாம் ஈரம். ஈர உடம்போடு முட்டைமேல் உட்கார்ந்தால் முட்டை குளிர்ந்துபோகும். கொடுத்தாலும் முட்டைக்கு ஆபத்து, கொடுக்காவிட்டாலும் ஆபத்து. கொஞ்ச நேரம் கூட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு துவாரத்தின் மேல் போய் நின்றாள். ஒவ்வொரு இறகாக அலகில் பிடித்து, கடைசிச் சொட்டுவரை வழித்து உள்ளே விட்டாள். இருளாயி மறுபடி கங்கு போட்டாள். அடியில் எங்கோ "குப்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"தம்பி, இனி நீ பக்கத்துல இருந்தா நாங்க வெந்துபோவோம். எட்டப் போய் நில்லு" என்று இருளாயி அவனை வானத்தின் மேலே தள்ளிவிட்டாள். அவனும் போனான். இருட்டு அப்படியே இருந்தது.

ஒரு நாள் ஆயிற்று. இரண்டு நாள் ஆயிற்று. வாத்து கூட்டுக்குக் கீழே நீந்திவந்து, "எண்ணெயும் போச்சு, வெயிலும் போச்சு, ஏன் மதினி ஒனக்கு இந்த வேலை?" என்றது. மதினி முட்டைகளை இன்னும் நெருக்கி அணைத்துக்கொண்டாள். நனைந்துவிடுவோமே என்று மீனுக்கே போகாமல், பசியோடு அடைகாத்துக் கிடந்தாள்.

இருளாயி மட்டும் தினமும் கொள்ளிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்து மரத்தடிக்கு வந்து, "உமித்தீ கண்ணுக்குத் தெரியாது மதினி. உள்ளே பிடிச்சது வெளியே வர நாளாகும். பொறு" என்பாள்.

மூன்றாம் நாள் மதினிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இருளாயி முந்தானையைக் கிழித்து முட்டைகளைப் போர்த்தி, "நீ போய் ரெண்டு மீன் தின்னுட்டு வா, நான் பாத்துக்கிறேன்" என்றாள். மதினி முங்கினாள். தண்ணீர் அவளை முதல் தடவையாகப் பிடித்துக்கொண்டது. சிறகு ஈயமாய்க் கனத்தது. இரண்டு மீனை எப்படியோ விழுங்கி, ஒரு பட்டுப்போன கட்டையில் தொற்றி ஏறினாள். பறக்க முடியவில்லை. எதிரே கூடு. இந்த ஈரத்தோடு போய் என்ன செய்ய? குளிரில் உதறியபடி இரண்டு சிறகையும் விரித்து, அப்படியே நின்றாள். அழுதாள்.

அப்போது முதுகில் யாரோ இளஞ்சூடாகக் கை வைத்தது போல இருந்தது.

திரும்பிப் பார்த்தாள். கிழக்கே சூரியன் வந்திருந்தான். பழைய ஆட்டம் பாட்டம் எதுவும் இல்லை. உருண்டையாய், அடக்கமாய், சீராக எரிந்துகொண்டிருந்தான். வயிற்றில் பிடித்த தீ, இறுகிய உமி முழுவதையும் ஊடுருவிக்கொண்டு, ஆடி அசைந்து இப்போதுதான் மேலே வந்து சேர்ந்திருந்தது.

"மதினி," என்றான். அவ்வளவு தூரத்திலிருந்தும் குரல் கேட்டது. "எனக்குள்ள எரியிறது ஒன் எண்ணெய். நான் இருக்கிற மட்டும் ஒன் சிறகை ஈரமா விடமாட்டேன்."

"என் முட்டையைப் பாத்துக்க தம்பி, அது போதும்" என்றாள் மதினி. சிறகு காய்ந்ததும் பறந்துபோய் அடையில் உட்கார்ந்தாள். பதினைந்தாம் நாள் நாலும் பொரிந்தன. முதல் குஞ்சு வெளியே வந்தபோது இருளாயி நெல்லை அடியில் பிடிக்கவிட்டுவிட்டு ஓடிவந்தாள். சூரியனும் அன்றைக்கு அரை நாழிகை தாமதமாகத்தான் மேற்கே அடைந்தான் என்று சொல்வார்கள்.

மழைக்காலத்தில் அவன் சொல் தவறுகிறானே என்று கேட்பீர்கள். அதைப் போய் மேகத்திடம் கேளுங்கள். வாத்து இன்றும் நனையாமல்தான் நீந்துகிறது. அதன் எண்ணெய் அதனிடமே இருக்கிறது. அதன் முதுகிலும் சூரியன் வெயிலைக் குறைவில்லாமல்தான் போடுகிறான்.

அந்தக் காலைப்பொழுதிலிருந்துதான், நீர்க்காகம் முங்கி எழுந்ததும் ஒரு கட்டையிலோ பாறையிலோ ஏறி, வெயிலுக்கு நேரே இரண்டு சிறகையும் விரித்து அசையாமல் நிற்கிறது. தான் கொடுத்த எண்ணெய் சூடாகத் திரும்பி வருவதை அது அப்படித்தான் வாங்கிக்கொள்கிறது.