மோகினியைப் பிடிக்கப் போன தளபதி

கொன்றையூர்னு ஒரு குட்டி ராஜ்யம். எவ்ளோ குட்டின்னா, ராஜா அரண்மனையில தும்மினா எல்லையில காவல் நிக்கிறவன் "நூறு ஆயுசு மகாராஜா!"ன்னு கத்துவான். அந்த ராஜா பேரு மாறவர்மர். நல்ல மனுஷன். ஆனா யாரு கடைசியா பேசுறாங்களோ அவங்க சொல்றதுதான் அவருக்குச் சரின்னு படும். அதனால அவர் சபையில இருந்த சாத்தப்பன் எப்பவும் கடைசியா பேசுறதுக்குன்னே காத்துக்கிட்டு இருப்பான். ஒல்லி உடம்பு, எந்நேரமும் வாயில வெத்தலை, மண்டை முழுக்கக் குறும்பு.

அன்னிக்கு சபையில ராஜாவோட தலைப்பாகை சரிஞ்சுபோச்சு. அவ்ளோதான்! பூவராகன் துள்ளிக் குதிச்சு ஓடி வந்தான். கோயில்லயும் அரண்மனையிலயும் அலங்காரம் பண்றவன் அவன். நடந்தா இடுப்பு ஆடும், பேசினா கையும் சேர்ந்து பேசும். தலைப்பாகையை நிமித்தி, ராஜாவுக்குத் திருஷ்டி கழிச்சு, "அய்யோ, என் கண்ணே பட்டுடும் போலிருக்கே!"ன்னான். சபையே சிரிச்சுது. ராஜாவுக்கு ஒரே வெக்கம்.

ஒருத்தர் மட்டும் சிரிக்கல. தளபதி வல்லபராயர். அவர் மீசையில பக்கத்துக்கு ஒரு கிளி உக்காரலாம்.

"மகாராஜா! இது ஆம்பளையா? பொம்பளை மாதிரி குழையுறான், நெளியுறான். நாளைக்கு எதிரி நாட்டுத் தூதன் பார்த்தா நம்ம படையையே கேலி பண்ணுவான்!"

கேலின்னதும் ராஜா பயந்துட்டாரு. "என்ன பண்ணலாங்கிறீங்க?"

"ஆம்பளையா இருந்துக்கிட்டு பொம்பளை மாதிரி இருக்கிறவன் எவனா இருந்தாலும் எல்லைக்கு வெளியே தள்ளணும். ஆணை போடுங்க!"

பூவராகன் முகம் அப்படியே வாடிப்போச்சு. பொறந்ததுலேர்ந்து இந்த ஊரைத் தாண்டாதவன். "எங்கண்ணே போவேன் நான்?"ன்னு சாத்தப்பன் தோளைப் பிடிச்சுக்கிட்டான். சாத்தப்பன் வெத்தலையை ஒரு கன்னத்துலேர்ந்து இன்னொரு கன்னத்துக்கு மாத்திக்கிட்டு எழுந்தான்.

"பிரமாதமான ஆணை, தளபதி! பெரிய ஆளுங்களுக்கு மட்டும் ஏதாச்சும் விலக்கு உண்டா?"

"கிடையவே கிடையாது! எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும்!"

"பிடிச்சுத் தள்றது யாரு?"

"நானே தள்றேன்யா! கழுத்தைப் பிடிச்சு!"

"அப்ப சரி. ஆனா மகாராஜா, நாளைக்குப் பெருமாள் புறப்பாடு. அலங்காரம் பண்ண இவனை விட்டா ஆள் இல்ல. அதை முடிச்சுட்டுப் போகட்டுமே."

சாத்தப்பன்தான் கடைசியா பேசினான். ராஜா உடனே தலையாட்டிட்டாரு.

மறுநாள் காலையில கோயில் வாசல்ல மேளம் காதைப் பிளக்குது. பல்லக்கு வெளியே வருது. உள்ள பெருமாள் எப்படி இருக்காரு? பட்டுச்சேலை! இடுப்பு வரைக்கும் தொங்குற பூ ஜடை! மூக்குத்தி, கையில கிளி! ஆமா, வருஷா வருஷம் அந்த நாள்ல மோகினி அலங்காரம்தான். பூவராகன் அழுதுக்கிட்டே பண்ணியிருந்தாலும் ஒரு மடிப்பு கலையல. கூட்டம் சொக்கிப்போய் நிக்குது.

கொன்றையூர்ல இன்னொரு வழக்கமும் உண்டு. அன்னிக்குப் பல்லக்கோட முன்தண்டைத் தளபதிதான் தோள்ல தாங்கணும். மோகினி வர்றாள்ல? அதனால பல்லக்கும் பொண்ணு நடக்கிற மாதிரி அசைஞ்சு அசைஞ்சு வரணும். அப்ப தூக்குறவரும் அசையணும்தானே! வல்லபராயர் கண்ணை மூடிக்கிட்டு, இடுப்பை இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டுன்னு, ஒய்யாரமா வந்துக்கிட்டிருந்தாரு. மீசை மட்டும் தனியா குதிக்குது.

சாத்தப்பன் நடுத்தெருவுல போய் நின்னான். "நிறுத்துங்க! தளபதி, ஒரு குத்தவாளி சிக்கிட்டாரு. பிடிங்க!"

"எங்கே? எவன் அவன்?"

"உங்க தோள் மேலதான் உக்காந்திருக்காரு. ஆம்பளைதான். ஆனா சேலை, ஜடை, மூக்குத்தி! கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுங்க."

தளபதிக்கு வேர்த்துக் கொட்டுது. "யோவ் சாத்தப்பா, பெருமாளையா! அசுரனுங்களை ஏமாத்தி தேவருங்களுக்கு அமுதம் கொடுக்க எடுத்த வடிவம்யா அது! இப்படி வந்ததாலதானே ஜெயிச்சாரு!"

"ஓ! பொம்பளை மாதிரி இருந்தா போர்லகூட ஜெயிக்கலாமா? நேத்து சபையில இதை நீங்க சொல்லவே இல்லையே!"

கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுது. பின்னாடி வந்த ராஜாவும் வாயைப் பொத்திக்கிட்டாரு.

"சரி, சாமியை விடுங்க. இப்ப ஒருத்தர் இடுப்பை ஒடிச்சு நடந்து வந்தாரே, அவரை யாரு பிடிக்கிறது? தன் கழுத்தைத் தானே பிடிச்சுத் தள்ளிக்க முடியுமா தளபதி?"

வல்லபராயர் மீசை தொங்கிப்போச்சு. "இது... இது வழக்கம்யா."

"இந்த நடையை உங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தது?"

தளபதி தரையைப் பார்த்தாரு. "பூவராகன்."

ராஜாவுக்கு அடக்க முடியல. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சாரு, தலைப்பாகை மறுபடியும் சரிஞ்சுது. "ஆணை ரத்து! இனிமே இந்த ஊர்ல 'பொம்பளை மாதிரி'ன்னு எவனையும் ஏசக் கூடாது. பாராட்டணும்னா தாராளமா சொல்லிக்கோங்க! சாத்தப்பா, இந்தா!"ன்னு கழுத்து முத்துமாலையைக் கழட்டிப் போட்டாரு. "பூவராகா, உன்னை இவ்ளோ அழ வெச்ச தளபதிக்கு என்ன தண்டனை கொடுக்கலாம்? நீயே சொல்லு."

பூவராகன் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, கையை ஆட்டிக்கிட்டே வந்தான். "அய்யோ, தண்டனையெல்லாம் எதுக்கு மகாராஜா! அடுத்த வருஷம் வேற ஆளைத் தூக்கச் சொல்லுங்க, அது போதும். இவர் இடுப்பு அசையவே மாட்டேங்குது. மரக்கட்டை!"

வல்லபராயர் கண்ணு செவந்துபோச்சு. மீசை மறுபடியும் விறைச்சுது. தண்டைத் தோள்ல சரிபண்ணிக்கிட்டு ஊரே அதிர்ற மாதிரி உறுமினாரு:

"யாருடா மரக்கட்டை? இந்த ராஜ்யத்துல என்னைவிட நளினமா நடக்கிற பொம்பளை ஒருத்தி இருந்தா வரச் சொல்லுடா பார்ப்போம்!"