செவலைக்குக் கிடைத்த மாலை

ஒரு காட்டில், பிள்ளைகளே, ஓட்டப்பந்தயச் சங்கம் ஒன்று இருந்தது. காட்டில் எதற்கு ஓட்டப்பந்தயம் என்று கேட்காதீர்கள். புலி துரத்தும்போது ஓடுவது வேறு, ஆசைக்கு ஓடுவது வேறு. அந்தச் சங்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் இரை தேடி, குட்டிகளுக்கு ஊட்டிவிட்டு, மிச்சமிருக்கும் கொஞ்ச நேரத்தில் ஓடிப் பழகுகிறவர்கள்.

வருடத்துக்கு ஒருமுறை பெரிய பந்தயம் நடக்கும். முதலில் ஏரியை நீந்திக் கடக்க வேண்டும். பிறகு குன்றில் ஏறி இறங்க வேண்டும். கடைசியில் புல்வெளியில் ஓடி இலுப்பை மரத்தைத் தொட வேண்டும். முதல் மூன்று பேருக்குக் கொன்றைப்பூ மாலை. நீர்நாயை மட்டும் சேர்த்துக்கொள்வதில்லை. அது வந்தால் மற்றவர்கள் வீட்டிலேயே படுத்துக்கொள்ளலாம்.

ஏரிக்கு மட்டும் ஒரு விதி இருந்தது. இரண்டு இரண்டு பேராகத்தான் இறங்க வேண்டும். ஒருவருக்கு முடியாமல் போனால் மற்றவர் குரல் கொடுக்க வேண்டும். அக்கரையில் காவல் நிற்கும் கூழைக்கடா உடனே பறந்து வந்து, தண்ணீரில் தவிப்பவரைக் கரைக்கு இழுத்துவிடும். ஆனால் அப்படிக் குரல் கொடுத்துவிட்டால் இரண்டு பேருமே பந்தயத்தை விட்டு விலக வேண்டும்.

செவலை என்ற கீரி ஆறு வருடமாக ஓடியும் ஒரு மாலைகூட வாங்கவில்லை. "இந்த வருஷமாவது யாரையாவது முந்துவியா, இல்ல காடு சுத்திப் பார்க்கத்தான் போறியா?" என்று அதன் சொந்தக்காரர்களே கேலி செய்தார்கள். செவலை சிரித்து மழுப்பும். வளைக்குள் போனதும் அழும்.

அந்த வருடம் பார்த்து, அதனுடன் வழக்கமாக நீந்தும் மரநாய்க்குக் காலில் அடிபட்டுவிட்டது. துணை இல்லாமல் ஏரியில் இறங்க முடியாது. செவலை நேரே கட்டையன் வீட்டுக்குப் போனது. கட்டையன் ஒரு முள்ளம்பன்றி. குன்று ஏறுவதில் கெட்டிக்காரன். தண்ணீர் என்றால் மட்டும் உடம்பெல்லாம் முள் சிலிர்த்துக்கொள்ளும்.

"அண்ணே, நீங்க வந்தாத்தான் நான் ஓட முடியும். மாட்டேன்னு சொல்லிடாதீங்க" என்று கெஞ்சியது செவலை.

"எனக்கு நீச்சலே அரைகுறைடா தம்பி."

"நான் பக்கத்திலேயே வர்றேன். உங்களை விட்டு நாலு முழம்கூட நகர மாட்டேன்."

கட்டையன் ஏரிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தது. பிறகு, "சரி, உனக்காக வர்றேன். தண்ணியில மட்டும் என்னைத் தனியா விட்டுடாதே" என்றது.

பந்தய நாளும் வந்தது. எல்லோரும் ஏரியில் குதித்தார்கள். பாதி தூரம் வரை செவலை சொன்ன சொல் தவறவில்லை. பக்கத்திலேயே நீந்தியது. "அப்படித்தான் அண்ணே, விடாம நீந்துங்க" என்று உற்சாகப்படுத்தியது.

நடு ஏரியில் கோரைப்புல் அடர்ந்திருந்தது. பின்னால் வந்தவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போக, இவர்கள் இருவரும் குறுக்கே நுழைந்தார்கள். அதைத் தாண்டும்போது செவலை தலையைத் தூக்கிப் பார்த்தது. முயலும் காட்டுப்பூனையும் கரையேறிக்கொண்டிருந்தன. முன்னால் வேறு யாரையும் காணோம். மூன்றாவதாக வருவது தான்தான் என்று தெரிந்ததும் செவலை வேகத்தைக் கூட்டியது.

"தம்பி!" என்று பின்னால் மெலிந்த குரல் கேட்டது. "கொடி என் முள்ளுல சிக்கிக்கிச்சு. கொஞ்சம் நில்லுடா!"

செவலை திரும்பிப் பார்த்தது. கட்டையனின் தலை தண்ணீருக்கு மேலேதான் இருந்தது. குரல் கொடுத்தால் கூழைக்கடா வந்துவிடும். மாலை போய்விடும். ஆறு வருடத்து ஆசை!

'தலை மேலேதானே இருக்கு. மெதுவா எடுத்துவிட்டுக்கிட்டு வந்துருவாரு' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டது. பிறகு திரும்பிப் பார்க்காமல் நீந்தியது.

கரையில் கூழைக்கடா மறித்தது. "எங்க செவலை, கட்டையனைக் காணோம்?"

"பின்னாடியே வர்றாரு அக்கா. அவரு எப்பவும் மெதுவாத்தானே வருவாரு!"

"ஒண்ணும் பிரச்சினை இல்லையே? கோரை மறைக்குது, எனக்கு ஒண்ணும் தெரியலை."

"இல்லக்கா, நல்லாத்தான் வர்றாரு."

கூடவே நீந்தி வந்தவன் சொல்லும்போது கூழைக்கடா எதற்குச் சந்தேகப்படும்? "சரி, ஓடு ஓடு" என்று வழிவிட்டது.

செவலை ஓடியது. குன்றில் மூச்சிரைக்க ஏறி, உருளாத குறையாக இறங்கி, புல்வெளியில் காற்றாய்ப் பறந்தது. மூன்றாவதாக வந்து இலுப்பை மரத்தைத் தொட்டது. கழுத்தில் மாலை விழுந்தது. கேலி செய்த சொந்தக்காரர்களே தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அந்தக் கொஞ்ச நேரம் செவலை எல்லாவற்றையும் மறந்துவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒவ்வொருவராக மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். கட்டையனின் மனைவி வடிவு, சுரைக்குடுக்கையில் தண்ணீரோடு மரத்தடியில் நின்றிருந்தாள்.

"தம்பி, மாலை வாங்கிட்டீங்களே! ரொம்ப சந்தோஷம்" என்றாள். "அவரு எங்க வர்றாரு?"

செவலை மாலையைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டது. "வந்துக்கிட்டே இருக்காரு மதினி" என்றது.

அந்தச் சங்கத்தில் கடைசி ஆள் வந்து சேராமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. முதலில் வந்தவரைவிடக் கடைசியில் வருகிறவருக்குத்தான் கைதட்டல் அதிகம். அன்றைக்கு வர வேண்டியது ஒரே ஒருவர்தான். எல்லோரும் வழியின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று தட்ட ஆரம்பித்தார்கள். "கட்டையா, வா! விடாதே, வா!" என்று கத்தினார்கள். வடிவும் குடுக்கையைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினாள். செவலையும் தட்டியது.

வெயில் சாய்ந்தது. குன்றின் பக்கமிருந்து யாரும் வரவில்லை. ஏரிப் பக்கமிருந்து கூழைக்கடா பறந்து வந்தது. அதன் இறகெல்லாம் நனைந்து கொடியும் பாசியுமாக இருந்தது. நேராக வடிவின் முன்னால் இறங்கித் தலை குனிந்து நின்றது.

"ரொம்ப நேரமா காணோமேன்னு கோரைக்குள்ள போய்ப் பார்த்தேன்மா. கொடியில மாட்டிக்கிட்டுக் கிடந்தாரு. கரைக்கு இழுத்துட்டேன். ஆனா மூச்சு இல்லம்மா."

வடிவு அழவில்லை. என்ன சொல்கிறார்கள் என்றே புரியாதவளைப் போலப் பார்த்தாள். "தம்பி இப்பத்தானே சொன்னாரு, வந்துக்கிட்டே இருக்காருன்னு" என்றாள்.

கூழைக்கடா செவலையின் பக்கம் திரும்பியது.

"என்கிட்டயும் அதைத்தானே சொன்னே? ஒரு வார்த்தை நிஜத்தைச் சொல்லியிருந்தா, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள போயிருப்பேனேடா."

செவலை கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டு பின்னுக்கு நகர்ந்தது.

முன்வரிசையில் நின்றவர்கள் கையைத் தொங்கவிட்டார்கள். தூரத்தில் நின்றவர்களுக்கு விஷயம் எட்டவில்லை. கட்டையன் வந்துவிடுவான் என்று அவர்கள் இன்னும் கைதட்டிக்கொண்டே இருந்தார்கள்.

நீதி: உன்னை நம்பி வந்தவர் ஆபத்தில் இருக்கும்போது பொய் சொல்லாதே, அந்தப் பொய் அவருக்கு வரவிருந்த உதவியையும் தடுத்துவிடும்.